அயர்லாந்தில் பெயர் மாறிய தெருக்கள்: மூதாதையர் வாழ்ந்த வீட்டைத் தேடுவது எப்படி?

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் இன்று சாக்வில் தெருவைத் தேடிப் போகிறவர் ஏமாற்றத்தோடுதான் திரும்புவார். சாக்வில் பிளேஸ் என்ற சிறிய குறுக்குத்தெரு ஒன்று மட்டுமே கண்ணில் படும். ஒரு காலத்தில் நகரின் முதன்மை வீதியாக இருந்த சாக்வில் தெரு எங்கும் போய்விடவில்லை. 1924ஆம் ஆண்டு முதல் அதன் பெயர் ஓகானல் தெரு.

இப்படிப் பெயர் மாறிய தெருக்கள் அயர்லாந்தின் ஏறக்குறைய எல்லா நகரங்களிலும் உண்டு. குடும்ப வரலாறு தேடுவோருக்கு இது பெரிய முட்டுக்கட்டை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அயர்லாந்து வேர் கொண்ட கலப்புக் குடும்பங்கள் இருக்கின்றன. பினாங்கில் உள்ள மருத்துவக் கல்லூரி வழியாக டப்ளினில் தொடக்க ஆண்டுகளைப் படித்துவரும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பாட்டனாரின் பிறப்புப் பத்திரத்தில் உள்ள முகவரியைக் காட்டி, "இந்த வீடு எங்கே இருக்கிறது, பார்த்துச் சொல்" என்று அங்கே இருப்பவரிடம் கேட்டால், அவர் கைபேசி வரைபடத்தில் தேடிவிட்டு "அப்படி ஒரு தெருவே இல்லையே" என்று சொல்லக்கூடும்.

தெரு இருக்கிறது, பெயர்தான் இல்லை. இந்தத் தேடலில் இறங்குவோர் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது ஒன்றே: ஒரு முகவரி, அது எழுதப்பட்ட ஆண்டுக்கு மட்டுமே உண்மை. ஆண்டைச் சேர்க்காமல் தெருப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டால் வேறொருவருடைய வீட்டு வாசலில் போய் நிற்க நேரும்.

அயர்லாந்தில் தெருவுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்று கேட்கலாம். கார்க் நகரில் மர்பி, ஓசல்லிவன், மெக்கார்த்தி என்ற குடும்பப் பெயர்கள் எங்கும் பரவிக் கிடக்கின்றன. ஜான், மேரி, பேட்ரிக் என்ற சில பெயர்களையே பிள்ளைகளுக்கு மாற்றி மாற்றி வைத்தார்கள். ஒரே நகரில், ஒரே ஆண்டில், ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். அவர்களில் நம்மவர் யார் என்று பிரித்துக் காட்டுவது பல வேளைகளில் தெருப் பெயர் மட்டும்தான்.

பெயர்கள் ஏன் மாறின?

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் அயர்லாந்தின் தெருக்களுக்கு அரசர்கள், ஆளுநர்கள், படைத் தளபதிகள் பெயர்களைச் சூட்டினார்கள். ஜார்ஜ், பிரன்ஸ்விக், நெல்சன், ரட்லண்ட் என்பவை அந்த வகை. ஐரிஷ் தேசிய உணர்வு வளர்ந்தபோது நகராண்மைக் கழகங்கள் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக நீக்கித் தங்கள் தலைவர்களின் பெயர்களை வைத்தன. இது ஒரே நாளில் நடந்ததன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி, 1920க்குப் பிறகு வேகம் பிடித்தது.

ஊர்ப் பெயர்களும் தப்பவில்லை. கார்க் துறைமுகத்தில் உள்ள கோவ் என்ற ஊர், விக்டோரியா அரசியார் 1849இல் வந்து சென்றதும் குவீன்ஸ்டவுன் ஆனது. 1920இல் மீண்டும் கோவ் ஆனது. டப்ளினுக்கு அருகில் உள்ள டன்லீரி 1821இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் வந்து சென்றதையொட்டி கிங்ஸ்டவுன் என்றானது. அதுவும் 1920இல் பழைய பெயருக்கே திரும்பியது. ஆகவே கப்பல் பயணப் பதிவில் 'குவீன்ஸ்டவுன்' என்று இருந்தால் அது ஏறிய துறைமுகத்தைக் குறிக்கிறது. அந்தப் பயணி அவ்வூர்க்காரர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அயர்லாந்தின் பல பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள் அங்கேதான் கப்பல் ஏறினார்கள்.

எல்லாப் பெயர் மாற்றமும் அரசியலால் வந்ததன்று. டப்ளினில் மெக்லன்பர்க் தெரு என்று ஒன்று இருந்தது. விபசாரத்திற்குப் பெயர்போன வட்டாரம் அது. அந்த அவப்பெயரைப் போக்க 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதற்கு டைரோன் தெரு என்று பெயரிட்டார்கள். புதிய பெயருக்கும் அதே அவப்பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு அதன் ஒரு பகுதி ரயில்வே தெரு ஆனது. ஒரே வீட்டில் குடியிருந்த ஒரு குடும்பத்தின் மூன்று பிள்ளைகளுக்கு மூன்று வேறு தெருப் பெயர்களில் பதிவு இருக்க இது ஒன்றே போதும்.

பெயரே காலத்தைச் சொல்லும்

புதிய பெயர் ஒரு தலைவருடையது என்றால், அது எந்த ஆண்டுக்கு முன் இருந்திருக்க முடியாது என்று கணக்கிடலாம். பேட்ரிக் பியர்ஸ் 1916 எழுச்சிக்குத் தலைமை தாங்கி, அந்த ஆண்டு மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டவர். டப்ளினின் பியர்ஸ் தெரு முன்பு கிரேட் பிரன்ஸ்விக் தெருவாக இருந்தது. பியர்ஸ் பிறந்ததும் அந்தத் தெருவில்தான். தாமஸ் ஆஷ் சிறையில் உண்ணாவிரதம் இருந்து, வலுக்கட்டாயமாக உணவு புகட்டப்பட்டு 1917 செப்டம்பரில் இறந்தார். டிராலி நகரின் நெல்சன் தெரு இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. கார்க் மேயர் டோமாஸ் மக்கர்ட்டன் 1920 மார்ச் 20 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நகரின் கிங் தெரு அவர் பெயருக்கு மாறியது.

எனவே 1905ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்றுக்கு 'பியர்ஸ் தெரு' என்று எழுதியிருக்கும் ஒரு குடும்பக் குறிப்பு, பிற்காலத்தில் நினைவிலிருந்து எழுதப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அது பொய் என்று அர்த்தமில்லை. பாட்டி தமக்குத் தெரிந்த பெயரைச் சொல்லியிருப்பார். ஆனால் 1911 கணக்கெடுப்பில் அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காது.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அதிகாரபூர்வமான பெயரும் மக்கள் வாயில் புழங்கிய பெயரும் ஒரே நாளில் மாறுவதில்லை. டப்ளின் நகராண்மைக் கழகம் 1880களிலேயே சாக்வில் தெருவின் பெயரை மாற்ற முனைந்தது. தெருவாசிகள் நீதிமன்றத்திற்குப் போய்த் தடை வாங்கினார்கள். ஆனால் தெருவின் முகப்பில் உள்ள கார்லைல் பாலம் 1882இலேயே ஓகானல் பாலம் ஆகிவிட்டது. பாலத்திற்கு ஒரு பெயர், தெருவுக்கு வேறொரு பெயர் என்று 40 ஆண்டுக்கு மேல் ஓடியது. அந்தக் காலத்துக் கடிதங்களில் இரண்டு பெயரும் வரும்.

ஒரே பெயர், வெவ்வேறு தெருக்கள்

மிகுதியாக வழி தவறுவது இங்கேதான். கார்க் நகரில் ஜார்ஜஸ் தெரு என்று ஒன்றும், கிரேட் ஜார்ஜஸ் தெரு என்று ஒன்றும் இருந்தன. முன்னது இன்று ஆலிவர் பிளங்கெட் தெரு. பின்னது இன்று வாஷிங்டன் தெரு. பதிவு எழுதிய குமாஸ்தா அவசரத்தில் 'கிரேட்' என்ற சொல்லை விட்டுவிட்டால், வாஷிங்டன் தெருவில் வாழ்ந்த குடும்பம் ஆலிவர் பிளங்கெட் தெருவுக்குப் போய்விடும். லிமெரிக் நகரிலும் ஒரு ஜார்ஜ் தெரு இருந்தது. அது இன்று ஓகானல் தெரு.

எதிர்ப்பக்கமும் இதே சிக்கல்தான். ஓகானல் தெரு டப்ளினில் உண்டு, லிமெரிக்கில் உண்டு, ஸ்லைகோவில் உண்டு. அவற்றின் பழைய பெயர்கள் முறையே சாக்வில், ஜார்ஜ், நாக்ஸ். ஒரு நகரின் பட்டியலை வைத்துக்கொண்டு அடுத்த நகரில் தேடக் கூடாது.

பிறப்பு, இறப்புப் பதிவுகளில் வரும் 'பதிவு மாவட்டம்' என்ற சொல்லிலும் கவனம் தேவை. கார்க் என்ற பதிவு மாவட்டம் நகரத்தோடு நிற்பதில்லை. சுற்றுப்புறக் கிராமங்களையும் உள்ளடக்கியது. 'மெயின் தெரு, மாவட்டம் கார்க்' என்றால் அது நகரத்துத் தெருவாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

பழைய பெயரும் புதிய பெயரும் எங்கே கிடைக்கும்?

முதலில் பார்க்க வேண்டியது, ராயல் ஐரிஷ் அகாடமி வெளியிட்டுவரும் ஐரிஷ் வரலாற்று நகரங்களின் வரைபட நூல் வரிசை. 1986இல் கில்டேர் நகரோடு தொடங்கி, ஒவ்வொரு நகருக்கும் தனி நூலாக வருகிறது. ஒவ்வொன்றிலும் தெருக்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. ஒரு தெரு எந்தெந்த ஆண்டில் எந்தெந்தப் பெயரில் குறிக்கப்பட்டது என்பதை வரிசையாக அதில் தருகிறார்கள். நீங்கள் தேடும் நகருக்கு இந்த நூல் வந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. பல நூல்களின் எழுத்துப் பகுதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

அடுத்தது லோகன்ம் என்ற இடப்பெயர்த் தரவுத்தளம். அயர்லாந்தின் இடப்பெயர்களை ஐரிஷ், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலும் தருவது இது. தெருப் பலகைகளிலும் இரு மொழிகள் இருக்கும். ஐரிஷ் மொழியில் தெருவுக்கு 'ஸ்ராய்ட்' என்று பெயர். ஆள் பெயரும் அம்மொழியின் இலக்கணப்படி உருமாறி வரும் என்பதால், பியர்ஸ் தெருவின் ஐரிஷ் பெயரைப் பார்த்து அது வேறு தெரு என்று நினைத்துவிடக் கூடாது.

மூன்றாவது, பழைய நில அளவை வரைபடங்கள். ஆறு அங்குலத்திற்கு ஒரு மைல் என்ற அளவில் வரைந்த முதல் பதிப்பு 1830களிலும் 1840களிலும் வந்தது. அதன்பின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 25 அங்குல அளவு வரைபடங்கள் வந்தன. இப்போது நில அளவைத் துறையும் மதிப்பீட்டுத் துறையும் 2023 முதல் டால்டே ஏரன் என்ற ஒரே அமைப்பில் இணைந்துள்ளன. பழைய வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதி இணையத்தில் இருக்கிறது. தேவாலயம், பாலம், ஆற்றங்கரை போன்றவை எளிதில் இடம் மாறாது. அவற்றை அடையாளமாகக் கொண்டு தெருவைப் பிடிக்கலாம்.

நான்காவது, வணிகக் கையேடுகள். பிகட், ஸ்லேட்டர் என்ற கையேடுகள் நாடு முழுவதற்கும், 1844இல் தொடங்கிய தாம் கையேடு டப்ளினுக்கும் மிக உதவும். தாம் கையேடு தெருவாரியாக வீடுகளை வரிசைப்படுத்துகிறது. பழைய பெயர் கடைசியாக எந்த ஆண்டுப் பதிப்பில் வருகிறது, புதிய பெயர் முதலில் எந்த ஆண்டில் வருகிறது என்று பார்த்தால் மாற்றம் நடந்த காலம் பிடிபடும். ஆனால் கடைக்காரர், மருத்துவர், வசதியானவர்தான் இவற்றில் இருப்பார்கள். கூலித் தொழிலாளி இருக்கமாட்டார்.

வீட்டு எண்ணை நம்பலாமா?

1901, 1911ஆம் ஆண்டுகளின் மக்கள் தொகைக் கணக்கெடுப்புகள் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் 'வீடு 12, கிங் தெரு' என்று வந்தால், அந்த 12 கதவு எண் அன்று. கணக்கெடுத்த காவலர் தம் பட்டியலில் அந்த வீட்டுக்குக் கொடுத்த வரிசை எண். அதைக் கதவு எண் என்று நம்பி இன்றைய 12ஆம் எண் வீட்டின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் நிறைய பேர் இருப்பார்கள்.

கிரிஃபித் மதிப்பீடு என்ற ஆவணத்திலும் இதே கதைதான். நம் ஊர் மதிப்பீட்டு வரி போல, வரி விதிப்பதற்காக 1847 முதல் 1864 வரை வெளியான சொத்துப் பட்டியல் இது. யார் குடியிருந்தார், யாரிடம் வாடகைக்கு எடுத்தார் என்ற விவரங்கள் தெருவாரியாக இருக்கும். அதில் உள்ள எண், வரைபடத்தில் அந்த மனையைக் குறிக்கும் எண். கதவு எண் என்று கொள்ளக் கூடாது. ஆனால் இதில் ஒரு நன்மையும் உண்டு. வரைபட எண் வீட்டின் இருப்பிடத்தையே காட்டிவிடுகிறது. தெருவின் பெயர் என்னவாக மாறினாலும் மனை அங்கேயே இருக்கும்.

அதற்குப் பிறகு நடந்த மாற்றங்களைத் திருத்தப் புத்தகங்களில் எழுதிவந்தார்கள். குடியிருந்தவர் மாறினால் பழைய பெயரை அடித்துவிட்டுப் புதுப் பெயரை வேறு நிற மையில் எழுதி, ஆண்டைக் குறிப்பார்கள். தெருவின் பெயர் மாறியபோதும் இந்தப் புத்தகங்களில் மனை தொடர்ந்து வரும். பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைக்கும் உறுதியான சான்று இதுவே. வட அயர்லாந்துக்கான 1864 முதல் 1933 வரையிலான புத்தகங்களை பெல்ஃபாஸ்ட் பொது ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்துள்ளது. மற்றவற்றை டப்ளினில் பார்க்க வேண்டும்.

அண்டை வீட்டாரே சாட்சி

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 1899ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவு ஒன்றில் 'கிங் தெரு, கார்க்' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இன்றைய வரைபடத்தில் அது இல்லை. பழைய வரைபடத்தை எடுத்தால், ஆற்றுக்கு வடக்கே, பேட்ரிக்ஸ் ஹில் அடிவாரத்திலிருந்து கிழக்கே சம்மர்ஹில் பக்கம் போகும் தெரு அது என்று தெரிகிறது. இன்றைய வரைபடத்தில் அதே இடத்தில் இருப்பது மக்கர்ட்டன் தெரு. 1897இல் திறந்த பேலஸ் அரங்கமும் மெட்ரோபோல் ஹோட்டலும் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. தெரு கிடைத்துவிட்டது.

வீடு எது? 1901 கணக்கெடுப்பில் கிங் தெருப் பட்டியலைத் திறந்து, நம் குடும்பத்திற்கு முன்னும் பின்னும் வரும் நான்கைந்து குடும்பங்களை எழுதிக்கொள்ள வேண்டும். அவர்களில் ஒருவராவது கடைக்காரராக இருப்பார். அவர் பெயரைக் கையேட்டில் தேடினால் கதவு எண் கிடைக்கும். அங்கிருந்து ஒன்றிரண்டு வீடு எண்ணி நம் வீட்டுக்கு வரலாம். காவலர் வரிசையாகத்தான் போனாரா என்பதை உறுதிசெய்ய, குறைந்தது இரண்டு அண்டை வீடுகளாவது ஒத்துவர வேண்டும். ஒன்று மட்டும் பொருந்தினால் போதாது.

பெயரோடு மறைந்த சந்துகள்

பெரிய தெருக்கள் பெயரை இழந்தன. ஏழைகள் வாழ்ந்த சந்துகளோ பெயரோடு சேர்ந்து இடத்தையும் இழந்தன. அயர்லாந்து நகரங்களில் பெருந்தெருக்களின் பின்னால் குறுகிய சந்துகள் நிறைய இருந்தன. பலவற்றுக்கு இட உரிமையாளரின் பெயர்தான் தெருப் பெயர். உரிமையாளர் மாறினால் சந்தின் பெயரும் மாறும். 1932ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் நிதியுதவியோடு சேரிகளை அகற்றியபோது இவற்றில் பல தரைமட்டமாயின. மக்கள் புறநகரில் புதுவீடுகளுக்குப் போனார்கள். அங்கிருந்தவர்களுக்குக் கையேட்டிலும் இடமில்லை. ஒண்டுக் குடித்தனக்காரர் என்றால் மதிப்பீட்டுப் பட்டியலிலும் பெயர் வராது. அவர்களுக்கு மிஞ்சியது தேவாலயப் பதிவேட்டில் ஒரு வரியும், கணக்கெடுப்பில் ஒரு தாளும்தான்.

அந்தத் தாள்களிலும் பல அழிந்துவிட்டன. 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் உள்நாட்டுப் போரில் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி அதில் சாம்பலானது. 1861, 1871ஆம் ஆண்டுத் தாள்களை அரசே முன்னதாக அழித்துவிட்டது. 1881, 1891ஆம் ஆண்டுத் தாள்கள் முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாயின. 1921இல் போர்ச் சூழலால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. எனவே 1911க்குப் பின் அடுத்த கணக்கெடுப்பு 1926 ஏப்ரல் 18 அன்று எடுத்ததுதான். அதற்கான நூறாண்டுக் காப்புக் காலம் 2026 ஏப்ரலோடு நிறைவு பெறுகிறது. பெரும்பாலான தெருப் பெயர் மாற்றங்கள் இந்த இரண்டு கணக்கெடுப்புகளுக்கும் இடைப்பட்ட 15 ஆண்டுகளில் நடந்தவை என்பதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பெரிதும் உதவும்.

தேடலின் வரிசை

1. ஆவணத்தில் உள்ள முகவரியை அப்படியே, எழுத்துப் பிழையோடும் சேர்த்து எழுதுங்கள். பக்கத்தில் ஆண்டையும் என்ன ஆவணம் என்பதையும் குறியுங்கள்.

2. அயர்லாந்து அரசின் குடும்ப வரலாற்றுத் தளத்தில் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவின் படத்தை நேரில் பாருங்கள். பிறப்பு 100, திருமணம் 75, இறப்பு 50 ஆண்டுகளுக்கு முந்தியவை இலவசம். வேறொருவர் தட்டச்சு செய்த பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம். பொதுப் பிறப்புப் பதிவு 1864இல்தான் தொடங்கியது. அதற்கு முந்திய கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு தேசிய நூலகத் தளத்தில் உள்ள பங்குக் கோயில் பதிவேடுகளைப் பாருங்கள்.

3. நகர வரைபட நூலிலும் லோகன்ம் தளத்திலும் அந்தப் பெயரைத் தேடுங்கள். ஒரே பெயரில் இன்னொரு தெரு இருந்ததா என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

4. அந்த ஆண்டுக்கு மிக அருகில் உள்ள பழைய வரைபடத்தில் தெருவைக் குறித்து, இன்றைய வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.

5. அண்டை வீட்டாரின் பெயர்களைக் கொண்டு வீட்டை உறுதிப்படுத்துங்கள். எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

6. கண்டுபிடித்ததைக் குடும்ப ஏட்டில் எழுதும்போது 'கிங் தெரு, 1899. இன்று மக்கர்ட்டன் தெரு' என்று இரண்டு பெயரையும் ஆண்டோடு எழுதுங்கள்.

கடைசிக் குறிப்பைச் சிறியது என்று விட்டுவிட வேண்டாம். பழைய பெயரை அடித்துவிட்டுப் புதுப் பெயரை மட்டும் எழுதினால், நாளை உங்கள் பேரப்பிள்ளை மூல ஆவணத்தைத் தேடும்போது வழி அடைபட்டுப் போகும். பழைய பெயரை மட்டும் எழுதினால் அந்தத் தெருவில் போய் நிற்க முடியாது. இரண்டையும் எழுதிவைத்தால், தேடலை நீங்கள் விட்ட இடத்திலிருந்து அவர் தொடரலாம்.